பந்தில் இருப்பது ஜோர்டான் கையெழுத்தா, ஜேப்படிக்காரன் கையெழுத்தா?

ஒரு மாத சம்பளத்தைக் கோட்டை விடாதீர்கள்! கூடைப்பந்து "ஆட்டோகிராப்" வியாபாரத்தில் நடக்கும் தில்லுமுல்லுகள்

வல்லக்கோட்டை:

ஒரு கிறுக்கல். இரண்டு வினாடி வேலை. அதற்கு எத்தனை ரூபாய் கொடுப்பீர்கள்?

2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் ஒரு சின்ன அட்டை ஏலத்துக்கு வந்தது. நம்ம ஊர் சீட்டுக்கட்டில் இருக்கிற சீட்டு அளவுதான். அதில் கூடைப்பந்து மன்னர்கள் மைக்கேல் ஜோர்டான், கோபி பிரையன்ட் இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். போட்டி போட்டுக்கொண்டு கேட்டார்கள். கடைசியில் 1 கோடியே 29 லட்சம் டாலருக்குப் போனது. நம் பணத்தில் சுமார் 113 கோடி ரூபாய்!

அடேயப்பா! அதுவரை எந்த விளையாட்டு அட்டையும் அந்த விலைக்குப் போனதில்லை.

இந்தச் சேதியைக் கேட்டால் யாருக்குத்தான் ஆசை வராது? அந்த ஆசைக்குத்தான் வலை விரிக்கிறார்கள்.

கம்பெனிச் சீமையில் கூடைப்பந்து

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருக்கிறது வல்லக்கோட்டை. முன்பெல்லாம் முருகன் கோவிலைச் சொன்னால்தான் ஊர் தெரியும். ஏழடி உயரத்தில் நிற்கும் முருகனைப் பார்க்க கிருத்திகைக்குக் கிருத்திகை கூட்டம் அலைமோதும்.

கூட்டம் இன்றும் குறையவில்லை. ஆனால் கோவிலைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் கம்பெனி! ஒரு பக்கம் ஒரகடம் சிப்காட். இன்னொரு பக்கம் வல்லம்-வடகால் சிப்காட். கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று எல்லாமே இங்கே தயாராகிறது. அமெரிக்காக்காரன் பெருமை அடித்துக்கொள்ளும் ஐபோனைக்கூட ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் நம்ம வீட்டுப் பெண்கள்தான் பூட்டிக் கொடுக்கிறார்கள்!

ராத்திரி ஷிப்டு முடிந்து அறைக்குத் திரும்பும் நேரம், அமெரிக்காவில் கூடைப்பந்து ஆட்டம் சூடு பிடிக்கும் நேரம். அங்கே ராத்திரி என்றால் இங்கே விடியற்காலை. டீயைக் குடித்துக்கொண்டே செல்போனில் ஆட்டம் பார்க்கலாம். பார்க்கப் பார்க்க பைத்தியம் பிடிக்கும்.

அந்த நேரம் பார்த்து ஒரு விளம்பரம் கண்ணைச் சிமிட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஜோர்டான் கையெழுத்துப் போட்ட ஒரிஜினல் பந்து. 15 ஆயிரம் ரூபாய்தான். சர்ட்டிபிகேட் உண்டு. இன்னும் 2 மட்டுமே பாக்கி!"

113 கோடி எங்கே, 15 ஆயிரம் எங்கே! கை தானாக "பணம் கட்டு" பொத்தானுக்குப் போகும்.

தம்பி, கொஞ்சம் பொறு! அந்த 15 ஆயிரம் உனக்கு ஒரு மாத சம்பளம். ஊரில் அம்மா எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிற பணம். அதை அனுப்புவதற்கு முன்பு, கையெழுத்துக்கு எப்படி விலை வருகிறது என்பதைத் தெரிந்துகொள்.

விலை எப்படி வருகிறது?

கையெழுத்துக்கு எடை கிடையாது. தங்கம் மாதிரி உரசிப் பார்க்கவும் முடியாது. ஐந்து விஷயங்களை வைத்துத்தான் விலை சொல்கிறார்கள்.

முதல் விஷயம், போட்டது யார்? ஆடிக்கொண்டு இருப்பவர் நாளைக்கும் கையெழுத்துப் போடுவார். ஓய்வு பெற்றவர் எப்போதாவது போடுவார். இறந்துபோனவர் போடவே முடியாது. கோபி பிரையன்ட் 2020-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி ஹெலிகாப்டர் விபத்தில் பலியானார். அதற்குப் பிறகு அவர் கையெழுத்தின் விலை கிடுகிடுவென்று ஏறியது. மனிதன் போன பிறகுதான் காகிதத்துக்கு மவுசு. என்ன உலகமடா இது!

இரண்டாவது விஷயம், எதில் போட்டது? வெறும் காகிதத்தில் போட்டால் ஒரு விலை. போட்டோவில் போட்டால் அதைவிட அதிகம். பந்தில் போட்டால் இன்னும் அதிகம். ஆட்டத்தில் அவரே போட்டு ஆடிய பனியனில் போட்டிருந்தால் சொல்லவே வேண்டாம்.

113 கோடி அட்டையின் ரகசியமும் அதுதான். 2007-08 சீசனுக்காக வெளியான அந்த வகை அட்டையில் உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது. கையெழுத்தோடு, இரண்டு பேர் பனியனில் இருந்தும் வெட்டி எடுத்த முத்திரைத் துணியும் அதில் ஒட்டியிருக்கிறது. ஆகவே அது கையெழுத்துக்கு மட்டும் கிடைத்த விலை அல்ல.

மூன்றாவது விஷயம், என்ன எழுதியிருக்கிறது? "அன்புள்ள குமாருக்கு" என்று பெயர் போட்டுக் கையெழுத்து வாங்கினால் குமாருக்குப் பெருமை. ஆனால் சந்தையில் விலை குறையும். குமார் பெயர் போட்ட பந்தை சுரேஷ் ஏன் வாங்கப்போகிறான்?

நான்காவது விஷயம், எப்படி இருக்கிறது? மை மங்கிப்போனாலும், பந்தின் தோல் வெடித்தாலும் விலை பாதியாகிவிடும்.

ஐந்தாவது விஷயம்தான் எல்லாவற்றுக்கும் மேலே. "இது அவர்தான் போட்டது" என்பதற்கு என்ன சாட்சி? சாட்சி இல்லை என்றால் முதல் நான்குக்கும் மதிப்பு பூஜ்யம்!

கை கொடுப்பார், கையெழுத்துக் கொடுக்க மாட்டார்!

அமெரிக்காவில் பில் ரசல் என்று ஒரு வீரர் இருந்தார். பாஸ்டன் அணிக்கு 13 சீசன் ஆடினார். அதில் 11 தடவை கோப்பை வாங்கினார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கமும் வாங்கினார். 1969-ல் ஓய்வு பெற்றார்.

அவரிடம் ஒரு வினோதப் பழக்கம். யார் ஆட்டோகிராப் கேட்டாலும் "முடியாது" என்பார். ரசிகன் கேட்டாலும் கிடையாது. கூட ஆடிய வீரன் கேட்டாலும் கிடையாது! அதற்குப் பதில் கை குலுக்குவார், உட்கார்ந்து பேசுவார். காகிதத்தில் கிறுக்கிக் கொடுப்பதைவிட மனிதனுக்கு மனிதன் முகம் பார்த்துப் பேசுவது மேல் என்பது அவர் கட்சி.

விளைவு? அவர் ஆடிய காலத்துக் கையெழுத்து கிடைப்பதே அபூர்வம் ஆகிவிட்டது. பல வருஷம் கழித்து, 1990-களில் மனம் மாறி, கட்டணம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட ஆரம்பித்தார். அதற்கும் கூட்டம் வந்தது. 2022 ஜூலை 31-ந் தேதி 88-வது வயதில் காலமானார்.

"காசு வாங்கிக்கொண்டு கையெழுத்தா? அநியாயமாக இருக்கே!" என்று சிலர் முகம் சுளிக்கலாம்.

அவசரப்படாதீர்கள். 1950, 60-களில் ஆடிய அமெரிக்க வீரர்கள் பலருக்கு இன்று மாதிரி கோடிக்கணக்கில் சம்பளம் கிடையாது. சீசன் முடிந்ததும் வேறு வேலைக்குப் போய்த்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். வயதான காலத்தில் அவர்களுக்குக் கையெழுத்துக் காசு பென்ஷன் மாதிரி உதவியது. அதில் என்ன தப்பு?

நம்ம காந்தியடிகளே கையெழுத்துக்குக் காசு வாங்கியவர்தான்! ஆட்டோகிராப் கேட்டு வந்தவர்களிடம் 5 ரூபாய் வாங்கி அரிஜன நிதியில் சேர்த்தார். தமிழில் "மோ.க.காந்தி" என்றும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அன்றைக்கு 5 ரூபாய் என்றால் லேசா?

கரீம் அப்துல் ஜப்பாரும் காந்தி வழியில்தான் போனார். கூடைப்பந்தில் 6 தடவை கோப்பை வென்றவர் இவர். 2019-ல் தன் மோதிரம், பந்து, பனியன் எல்லாவற்றையும் ஏலத்துக்கு விட்டார். 1987-ல் வென்றதற்குக் கிடைத்த மோதிரம் மட்டும் 3 லட்சத்து 98 ஆயிரம் டாலருக்குப் போனது. கையெழுத்துப் போட்ட ஒரு பழைய பந்து 2 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்குப் போனது. பணத்தில் பெரும்பகுதியை ஏழைப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் படிப்பு சொல்லித் தரும் தன் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்.

கொடுத்தவரே நேரில் நின்று "இது என்னுடையது" என்று சொல்லி விற்றார். அதைவிடப் பெரிய சாட்சி ஏது? அதனால்தான் அந்த விலை.

அன்னை தெரசா பெயரிலும் மோசடி!

பணம் புரளும் இடத்தில் திருடன் வராமல் இருப்பானா?

1990-களில் ஜோர்டான் கொடி கட்டிப் பறந்தபோது சிகாகோ நகரில் அவர் பெயரில் கள்ளக் கையெழுத்து மலை மலையாகக் குவிந்தது. அமெரிக்க உளவுப் போலீசார் விசாரணையில் இறங்கினார்கள். அதன் தொடர்ச்சியாக கலிபோர்னியா பக்கம் ஒரு பெரிய கும்பலுக்கு வலை விரித்தார்கள். அந்த வேட்டைக்கு "ஆபரேஷன் புல்பென்" என்று பெயர். 1999 அக்டோபரில் ஒரே நேரத்தில் பல இடங்களில் அதிரடி சோதனை நடந்தது. முடிவில் 60-க்கும் மேற்பட்டவர்கள் தண்டனை பெற்றார்கள்.

கைப்பற்றிய சரக்கைப் பார்த்த போலீசாரே மலைத்துப் போனார்கள். பேஸ்பால் பந்துகளில் அன்னை தெரசாவின் கையெழுத்து! கொல்கத்தாவில் குஷ்டரோகிகளுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு இருந்த அந்தத் தாய் என்றைக்கு பேஸ்பால் பந்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்? யோசிக்க வேண்டாமா? யோசிக்காமல் வாங்கவும் ஆள் இருந்தது. அதுதான் வேடிக்கை, வேதனையும்கூட.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்தக் கும்பல் வெறும் பந்தை விற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் சர்ட்டிபிகேட் கொடுத்தே விற்றது! கையெழுத்தைக் கள்ளத்தனமாகப் போடத் தெரிந்தவனுக்கு சர்ட்டிபிகேட்டை அச்சடிக்கத் தெரியாதா?

கண்டுபிடிப்பது எப்படி?

கள்ள நோட்டைப் பார்ப்பது மாதிரி கையெழுத்தையும் பார்க்கக் கற்றுக்கொள்ளலாம்.

ஒன்று: அச்சா, மையா? பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சு. போட்டோவோடு சேர்ந்து அடித்தது. பேனாவில் போட்டிருந்தால் கோடு கோட்டின் மேல் ஏறிப் போகும் இடம் தெரியும்.

இரண்டு: கை நடுங்கியிருக்கிறதா? சொந்தக் கையெழுத்தை யாரும் யோசித்துப் போடுவதில்லை. சர்ரென்று போட்டுவிட்டுப் போவார்கள். ஆரம்பமும் முடிவும் ஊசி மாதிரி மெலிந்து போகும். பார்த்துப் பார்த்து வரைகிறவன் கை மெதுவாகப் போகும். கோடு நடுங்கும். நடுநடுவே பேனா நின்று மை தேங்கியிருக்கும்.

மூன்று: இரண்டு கையெழுத்து அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கிறதா? சந்தேகப்படுங்கள்! எந்த மனிதனும் இரண்டு தடவை ஒரே மாதிரி போட முடியாது. பேனாவைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போடும் எந்திரமே இருக்கிறது. ரப்பர் ஸ்டாம்பும் இருக்கிறது. சில இடங்களில் வீரருக்குப் பதில் எடுபிடிப் பையன்களே போட்டுக் கொடுத்த கதையும் உண்டு.

நான்கு: பந்தைத் திருப்பிப் பாருங்கள். இதுதான் முக்கியம். அமெரிக்க என்.பி.ஏ. போட்டிப் பந்தில் அந்த அமைப்பின் கமிஷனர் கையெழுத்து அச்சிலேயே இருக்கும். விவரம் தெரியாதவன் அதையே வீரர் கையெழுத்து என்று நினைத்து ஏமாறுவான்!

ஆனால் விவரம் தெரிந்தவனுக்கு அந்த அச்சுத்தான் துப்பு. டேவிட் ஸ்டெர்ன் என்பவர் 1984-ல் இருந்து 2014 ஜனவரி வரை கமிஷனராக இருந்தார். அவருக்குப் பிறகு வந்தவர் ஆடம் சில்வர். ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்த வில்ட் சேம்பர்லின் 1999-லேயே இறந்துவிட்டார். ஆடம் சில்வர் பெயர் அச்சான பந்தில் சேம்பர்லின் கையெழுத்து இருந்தால்? ஆவி வந்து போட்டதா?

பந்து செய்த கம்பெனி பெயரும் காட்டிக் கொடுக்கும். என்.பி.ஏ.வுக்கு 1983 முதல் ஸ்பால்டிங் கம்பெனி பந்து கொடுத்தது. 2021-ல் வில்சன் கம்பெனி வந்தது. கோபி பிரையன்ட் இறந்தது 2020. என்.பி.ஏ. முத்திரையோடு புதிதாக வந்த அந்த வில்சன் போட்டிப் பந்தில் கோபி கையெழுத்து என்று யாராவது நீட்டினால், பேசாமல் நடையைக் கட்டுங்கள்.

மையும் பேசும். ஆட்டோகிராப்புக்கு எல்லோரும் பயன்படுத்தும் ஷார்பி மார்க்கர் பேனா 1964-ல்தான் கடைக்கு வந்தது. "1960-ல் ஷார்பியில் போட்டது" என்று ஒருவன் சொன்னால், அவன் கணக்கில் மட்டம் என்று அர்த்தம்.

சர்ட்டிபிகேட்டை நம்பலாமா?

நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். கொடுத்தது யார் என்பதைப் பொறுத்தது.

ஜோர்டான் 1992-ல் இருந்து அப்பர் டெக் என்ற கம்பெனியோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறார். அவர் கையெழுத்துப் போடும்போது கம்பெனி ஆள் பக்கத்திலேயே நின்று கண்ணால் பார்ப்பார். பிறகு நம்பர் போட்ட பளபளப்பு முத்திரை ஒட்டுவார்கள். அந்த நம்பரைக் கம்பெனிப் பதிவில் சரிபார்த்துக்கொள்ளலாம். அப்படி வரும் பந்தின் விலை ஆயிரக்கணக்கான டாலர். அதாவது லட்சக்கணக்கான ரூபாய்.

15 ஆயிரம் ரூபாய்க்கு அது எப்படி கிடைக்கும்? ஒரு பவுன் தங்கத்தை ஒருவன் 500 ரூபாய்க்குக் கொடுத்தால் வாங்குவீர்களா?

போடும்போது யாரும் பார்க்காத பழைய கையெழுத்தைப் பரிசோதிக்கவும் கம்பெனிகள் இருக்கின்றன. பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் ஆகிய மூன்றும் பெயர் பெற்றவை. நிபுணர்கள் அசலோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். அதற்குத் தனிக் கட்டணம். ஆனாலும் அது கருத்துத்தான். கண்ணால் பார்த்த சாட்சி அல்ல.

விற்கிறவனே தன் லெட்டர்பேடில் "இது அசல்" என்று எழுதிக் கொடுத்தால் அதற்கு நயா பைசா மதிப்பு கிடையாது. மோர் விற்கிறவள் "என் மோர் புளிக்கும்" என்று சொல்வாளா?

முத்திரை நம்பர் சரியாக இருந்தாலும் போதாது. ஒரு அசல் பந்தின் நம்பரைப் பார்த்து நூறு போலி முத்திரை அடிக்கிறவனும் இருக்கிறான். அந்த நம்பருக்கு உரிய பொருள் இதுதானா, பந்தா, பனியனா, போட்டோவா என்று பதிவில் ஒத்துப் பார்க்கவேண்டும்.

வெளிநாட்டில் இருந்து வரவழைத்தால் தபால் கூலி, கஸ்டம்ஸ் வரி வேறு. பொருள் கைக்கு வருவதற்குள் போட்ட கணக்கு எகிறிவிடும்.

பணம் கட்டி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு மூலையில் உட்காராதீர்கள். உடனே 1930 நம்பருக்குப் போன் செய்யுங்கள். அது இணைய மோசடிப் புகாருக்கான நம்பர். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது. பொருள் சரியில்லை, பணம் திரும்பவில்லை என்ற தகராறுக்கு நுகர்வோர் உதவி நம்பர் 1915.

நம்ம ஊர் நட்சத்திரங்கள்

சரி, ஜோர்டான் எட்டாக்கனி. அப்படியென்றால் ஆட்டோகிராப் ஆசையையே விட்டுவிடுவதா?

எதற்கு விடவேண்டும்? இருக்கவே இருக்கிறது சென்னை! வல்லக்கோட்டையில் பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடலாம்.

தெற்கு ரெயில்வே அணிக்கு ஆடியவர் கீது அன்னா ஜோஸ். கேரளத்தில் பிறந்து சென்னையில் ரெயில்வே வேலை பார்த்தவர். 2006-ல் ஆஸ்திரேலியா போய் ரிங்வுட் ஹாக்ஸ் என்ற அணிக்கு ஆடினார். 2011-ல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை கூடைப்பந்துப் போட்டியில் ஆடும் 3 அணிகள் அவரைக் கூப்பிட்டு ஆடவைத்துப் பார்த்தன. இடம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த வாசல் வரைக்கும் போன பெண் அவர்! 2014-ல் அர்ஜுனா விருது வாங்கினார்.

இன்னொருவர் நம்ம சென்னைப் பெண் அனிதா பால்துரை. இவரும் தெற்கு ரெயில்வேதான். இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்தவர். 2001-ல் இருந்து 2017 வரை தொடர்ந்து 9 ஆசியப் போட்டிகளில் ஆடினார். 2021-ல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது.

2009-ல் பெண்களுக்கான ஆசிய சாம்பியன் போட்டியே சென்னையில்தான் நடந்தது. சீனா, தென்கொரியா, ஜப்பான் வீராங்கனைகள் எல்லோரும் இங்கே வந்து ஆடினார்கள். அன்றைக்குப் பார்க்கப் போனவர்கள் எத்தனை பேர் நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள்?

ஆண்கள் பக்கம் பார்த்தால், இந்தியக் கூடைப்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியது ஒரே ஒரு தடவைதான். 1980 மாஸ்கோ! அமெரிக்காவும் பல நாடுகளும் போகாமல் புறக்கணித்ததால் இடம் காலியானது. நம் அணி போனது. எல்லா ஆட்டத்திலும் தோற்றது. தோற்றால் என்ன? ஒலிம்பிக் மைதானத்தில் இந்தியா பெயர் போட்ட பனியனோடு கூடைப்பந்து ஆடியவர்கள் வேறு யாரும் கிடையாதே!

எவ்வளவு பெறும்?

"அண்ணே, அனிதா கையெழுத்து என்ன விலைக்குப் போகும்?" என்று யாராவது கேட்கலாம்.

உண்மையைச் சொல்லிவிடுவோம். இன்றைக்கு அதற்குச் சந்தை கிடையாது. கிரிக்கெட் மட்டையை ஏலத்தில் எடுக்க ஆள் இருக்கிறது. இந்தியக் கூடைப்பந்து வீராங்கனையின் கையெழுத்தை விலைக்குக் கேட்க ஆள் இல்லை.

16 வருஷம் நாட்டுக்காக வியர்வை சிந்தியவர் கையெழுத்துக்கு விலை இல்லை. கடல் கடந்து ஒருவன் கள்ளத்தனமாகக் கிறுக்கியதற்கு 15 ஆயிரம்! இதைவிட வயிற்றெரிச்சல் உண்டா?

ஆனால் இதிலேயே ஒரு லாபமும் இருக்கிறது. சந்தை இல்லாத இடத்தில் கள்ளக் கையெழுத்துப் போட எவனும் வரமாட்டான். நீங்கள் நேரில் போய், உங்கள் கண் முன்னால், உங்கள் பேனாவில் வாங்கும் கையெழுத்துக்கு நீங்களே சாட்சி. எந்த அமெரிக்க நிபுணரின் சர்ட்டிபிகேட்டும் அதற்குத் தேவையில்லை. செலவு? பஸ் கட்டணமும் ஒரு நோட்டும்தான்!

நாளைக்கு விலை வருமா என்று கேட்டால், வரலாம், வராமலும் போகலாம். விலைக்காக வாங்காதீர்கள். ஆனால் வாங்கும்போதே ஒழுங்காக வாங்கி வையுங்கள். நாளைக்கு உங்கள் பேரன் எடுத்துப் பார்க்கும்போது "இது யார் கிறுக்கியது?" என்று கேட்காமல் இருக்கவேண்டும் அல்லவா?

எப்படிக் கேட்பது?

ஆட்டம் நடக்கும் நேரத்தில் ஓடாதீர்கள். முடிந்து, அவர்கள் துண்டை எடுத்து முகம் துடைத்த பிறகு போங்கள். "அக்கா, உங்க ஆட்டம் பார்த்திருக்கேன். ஒரு கையெழுத்து போட்டுத் தர்றீங்களா?" என்று கேளுங்கள். முடியாது என்றால் சிரித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். பில் ரசல் கதைதான் தெரியுமே! வீடு தேடிப் போய்க் கதவைத் தட்டுவது மரியாதை இல்லை.

பால்பாயிண்ட் பேனா பந்தில் எழுதாது. கறுப்பு மார்க்கர் கொண்டு போங்கள். காகிதம் என்றால் கோடு போடாத தடித்த தாள் நல்லது.

கையெழுத்துக்குப் பக்கத்தில் எதுவும் கிறுக்காதீர்கள். தேதி, ஊர், என்ன போட்டி என்பதை வேறு ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். அவர் கையெழுத்துப் போடும்போது செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு டிக்கெட் கொடுத்திருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். அமெரிக்காவில் காசு கொடுத்துத் தேடும் சாட்சி இதுதான்!

சுவரில் வெயில் படும் இடத்தில் மாட்டவேண்டாம். மை வெளுத்துவிடும். பிளாஸ்டிக் உருக்கி லேமினேஷன் செய்யவே கூடாது. சூட்டில் மை கசியும், பிரிக்கவும் முடியாது. கனமான நோட்டுக்குள் வைத்து, காற்றோட்டம் உள்ள அலமாரியில் வையுங்கள். பந்தை அப்படியே தரையில் உருட்டி விடாதீர்கள். பிள்ளைகள் தெருவுக்கு எடுத்துக்கொண்டு போய்விடும்!

பரண் மேல் பாருங்கள்

கடைசியாக ஒன்று.

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடமோ, கல்லூரியோ முடியும்போது ஆட்டோகிராப் நோட்டு வாங்குவார்கள். ரோஸ், மஞ்சள், நீலம் என்று கலர் கலராகப் பக்கம் இருக்கும். தோழர்கள் எழுதுவார்கள். வாத்தியார் எழுதுவார். ஊருக்கு ஆட வந்த விளையாட்டு வீரர்கள், மேடை ஏற வந்த தலைவர்கள் கையெழுத்தும் நடுவில் இருக்கும்.

உங்கள் அப்பாவிடம், சித்தப்பாவிடம், மாமாவிடம் அப்படி ஒரு நோட்டு இருந்திருக்கலாம். கம்பெனி வந்த பிறகு இந்தப் பக்கம் பழைய வீடுகள் இடிந்து மாடி வீடு எழும்புகிறது. வீடு மாற்றும்போது முதலில் பழைய பேப்பர்காரர் தராசுக்குப் போவது பரண் மேல் இருக்கிற காகித மூட்டைதான்.

எடைக்குப் போடுவதற்கு முன்பு ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். பெரியவர் வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, "இது யாரு, எங்க வாங்கினீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே தேதியோடு எழுதி வையுங்கள். கண்ணால் பார்த்த சாட்சி அவர்தான். அவர் போய்விட்டால் அந்தக் கையெழுத்து வெறும் கிறுக்கல்.

செல்போனில் வரும் ஜோர்டான் பந்து நாளைக்கும் வரும், நாளை மறுநாளும் வரும். அதற்கு அவசரம் இல்லை. பெரியவரிடம் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்!